கண்மணிக்குப் பின்னே ஓடும் குருதி

உமையவள் விளையாட்டாக இறைவனின் கண்களைத் தன் கைகளால் மூட, உலகெங்கும் இருள் சூழ்ந்ததென்றும், அப்பிழை தீரக் காஞ்சியிலும் பின்னர் அண்ணாமலையிலும் தவமிருந்து அவள் இடப்பாகம் பெற்றாளென்றும் திருவண்ணாமலைத் தலபுராணம் கூறுகிறது. அத்தவத்தோடு சேர்த்துப் பேசப்படும் பவளக்குன்றையும் செங்கம் சாலையின் ரமணாசிரமத்தையும் நாள்தோறும் கடந்து செல்வோர்க்கு இது பழகிய கதை. ஆனால், வெளியே எதுவும் மறைக்காதபோதும் கண் இருண்டுபோகலாம் என்பதையும், விழிக்குள் ஓடும் குருதியே அதற்குக் காரணமாகலாம் என்பதையும் மருத்துவ உலகம் மிகப் பிந்தியே அறிந்தது.

சித்த மருத்துவ மரபு கண்ணோய்களை 96 எனப் பகுத்திருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) கண்புரை அறுவைக்கு ஆட்பட்டோரின் கண்களை வண்ணத்தில் தீட்டச் செய்து, நோய்க்குறிப்புகளோடு பாதுகாத்தார். சரசுவதி மகால் நூலகத்தின் அரிய செல்வங்களுள் ஒன்றான அந்த ஓவியங்கள் இமையையும் வெண்விழியையும் வெளுத்த புரையையும் அத்தனை நுணுக்கமாகக் காட்டினாலும், கண்மணியின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. ஓவியனின் திறமையில் குறையில்லை. உயிருள்ள மனிதரின் விழிக்குள் எட்டிப்பார்க்கும் கருவி அன்று எந்நாட்டிலும் இல்லை.

அந்தக் கருவியை, அதாவது விழியுள் ஒளியைச் செலுத்தித் திரும்பிவரும் ஒளியில் விழித்திரையைக் காட்டும் கண்ணோக்கியை, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகப்படுத்தினார். சென்னைக் கண் மருத்துவமனை அதற்கு முன்பே, 1819இல், தோன்றியிருந்தது. அங்கே பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், கண் அழுத்த நோய்க்காக வெண்படலத்தில் சிறு துளையிட்டு உள்நீரை வடியச் செய்யும் அறுவையை 1909 முதல் செய்து உலகப்புகழ் பெற்றார். குருதியோட்டத்தின் வரலாற்றில் இவருக்கு இடமுண்டு. ஏனெனில் விழிக்குள் அழுத்தம் ஏறினால், குருதியை உள்ளே தள்ளும் விசை அதே அளவுக்குக் குறைந்து, பார்வை நரம்பின் தலைப்பகுதி பட்டினி கிடக்க நேரும்.

விழித்திரை, தன் எடையோடு ஒப்பிட, உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களுள் ஒன்று. அதன் உட்புற அடுக்குகளுக்குப் பார்வை நரம்பின் வழியே நுழையும் ஒற்றைத் தமனி உணவூட்ட, வெளிப்புற அடுக்குகளைப் பின்னாலுள்ள கோராய்டு எனும் நாளப்படலம் காக்கிறது. விந்தை என்னவெனில், உடலின் பிற நாளங்களைச் சுருக்கி விரிக்கும் தன்னியக்க நரம்புகள் விழித்திரை நாளங்களை எட்டுவதில்லை. ஆதலால் குருதி அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும் பொறுப்பை அந்நாளங்களே ஏற்கின்றன. இதுவே தன்னொழுங்கு எனப்படுகிறது. படபடக்கும் ஒளியைக் கண்ணில் பாய்ச்சினால் அவை விரிந்து குருதியைக் கூட்டுகின்றன. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த விரிவு, விழித்திரையில் கேடு ஏதும் தென்படுவதற்கு முன்பே மங்கத் தொடங்குவதுண்டு.

ஏன் மங்குகிறது என்பதற்கான ஒரு தடயம் 1961இல் பாஸ்டனில் கிடைத்தது. கோகன், துசான், குவபாரா ஆகிய ஆய்வாளர்கள், இறந்தோரின் விழித்திரையை டிரிப்சின் என்னும் செரிமான நொதியில் ஊறவைத்து, நரம்புத் திசு கரைந்தபின் எஞ்சிய நாளவலையை மட்டும் மெல்லிய சல்லாத் துணிபோலக் கண்ணாடித் தகட்டில் விரித்துச் சாயமேற்றிப் பார்த்தனர். நுண்குழல்களைக் கட்டியணைத்து நிற்கும் பெரிசைட் என்னும் உயிரணுக்கள் சர்க்கரை நோயாளிகளின் வலையில் மறைந்து, அவை இருந்த இடம் வெற்றுப்பையாகக் கிடந்தது. பிடி தளர்ந்த குழல் புடைக்கிறது, கசிகிறது, அடைபடுகிறது. மூச்சுத்திணறும் திசு புதுநாளங்களை அழைக்க, அவை உடைந்து விழிக்குள் குருதியைக் கொட்டுகின்றன. ஹென்றி ஈல்ஸ் 1880இல் இங்கிலாந்தில் விவரித்த, இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுகிற ஈல்ஸ் நோயில் சர்க்கரையின்றியே இளைஞர்களுக்கு இக்கதி நேர்கிறது; காசநோயோடு அதற்குள்ள தொடர்பு நெடுநாளாக ஆராயப்படுகிறது. லேசர் மருத்துவம் விழித்திரையின் ஓரங்களைத் திட்டமிட்டுச் சுட்டு ஆக்சிஜன் தேவையைக் குறைக்கிறது: நடுப்பார்வையைக் காக்க ஓரத்தை விலையாகக் கொடுக்கும் கடினமான பேரம் அது.

மதுரையில் 1976இல் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978இல் சென்னையில் விழித்திரை வல்லுநர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் இவ்வறிவைத் தமிழ்நாட்டில் பரவலாக்கின. புரையால் போன பார்வையை அறுவை பெரும்பாலும் மீட்டுவிடும். விழித்திரை பட்டினியால் மடிந்தால் மீட்பு அரிது. ஆகவே நோயாளி தேடி வரும்வரை காத்திராமல், பார்வை தெளிவாயிருக்கும்போதே ஊர்தோறும் முகாமிட்டு விழித்திரையைப் படமெடுப்பது இத்துறைக்குத் தவிர்க்கவியலாத வழியாயிற்று. அப்படங்களைக் கணினியே படித்து நோயைக் கண்டறியும் முறையைப் பற்றி 2016இல் வெளிவந்த கூகுள் ஆய்வுக்கு இவ்விரு நிறுவனங்களும் துணைநின்றன.

இன்று இத்தகைய முகாம்களில், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின், முதியோர் வரிசையாக அமர்ந்து அரைமணி நேரம் கண்களை மூடிக் காத்திருக்கின்றனர். பின்னர் கருவியின் முன் முகவாயைப் பதித்துக் கண் திறக்கும்போது மின்னலாய் ஓர் ஒளி பாய்ந்து மறைய, சரபோஜியின் ஓவியனுக்கு எட்டாத இளஞ்சிவப்பு வட்டம், கிளை பிரியும் நாளங்களோடும், நோயிருப்பின் ஊசிமுனை அளவுச் செம்புள்ளிகளோடும் திரையில் தோன்றுகிறது.