திரையில் தோற்கும் பீரங்கி: ஜி.ஏ.யூ-8 அவெஞ்சர்

1. துணிபு

ஜெனரல் எலெக்ட்ரிக் உருவாக்கிய ஜி.ஏ.யூ-8 அவெஞ்சர், ஏழு குழல்கள் கொண்ட 30 மி.மீ. சுழல் பீரங்கி. சோவியத் டாங்கிகளைத் துளைக்க இதைச் சுமந்து செல்லவே அமெரிக்காவின் ஏ-10 விமானம் பிறந்தது எனலாம். சினிமாவில் இதற்கு வாய்த்ததோ பெரும்பாலும் தோற்கும் வேடம்.

2. அமைப்பு

சுடும் குழல் விமானத்தின் நடுக்கோட்டில் இருந்தாக வேண்டும். இல்லையேல் பின்னுதைப்பு மூக்கைத் திருப்பிவிடும். ஆகவே பீரங்கியைச் சற்றே இடப்பக்கம் நகர்த்திப் பொருத்தி, முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். சுட்ட குண்டுகளின் காலிக் கூடுகளும் வெளியே சிதறுவதில்லை, குண்டுகளை வைத்திருக்கும் டிரம்முக்கே திரும்புகின்றன. நிமிடத்துக்கு 3,900 குண்டுகள் என்ற வேகத்தில், 1,174 குண்டு கொள்ளும் டிரம் 18 விநாடியில் தீர்ந்துவிடும். அதனால் விமானிகள் ஓரிரு விநாடி சுட்டுவிட்டு விரலை எடுத்துவிடுவது வழக்கம்.

சுட்டால் விமானமே அந்தரத்தில் நின்றுவிடும் என்றொரு கதை உலவுகிறது. பின்னுதைப்பு ஏறத்தாழ ஓர் எஞ்சினின் உந்துவிசைக்கு நிகர் என்பது மெய். ஆனால் எஞ்சின்கள் இரண்டு. வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

3. திரை

‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ (2007) படத்தில் பாலைவன மணலில் ஏ-10கள் தாக்கியும் எதிரி ரோபோவான ஸ்கார்ப்பனாக் அடங்குவதில்லை, ஏசி-130 விமானம் வரவேண்டியிருக்கிறது. ‘டெர்மினேட்டர் சால்வேஷன்’ (2009) படத்தில் இயந்திரங்களைத் துரத்தப்போன ஏ-10கள் தாமே வீழ்கின்றன. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013) படத்தில் ஏ-10கள் சுட்டதில் ஸ்மால்வில் ஊர்த் தெருவின் தார் பெயர்ந்து சிதறுகிறது; வேற்றுக்கிரக எதிரிகளான கிரிப்டான்காரர்களுக்குக் கீறல்கூட விழவில்லை. டாங்கியைத் துளைப்பதே துளைக்கவில்லை என்றால் எதிரி எப்பேர்ப்பட்டவன்! வசனமில்லாமலே வில்லனின் தரத்தை நிறுவிவிடும் அளவுகோல் இது. இயக்குநர்களுக்கு இதைவிட மலிவான உத்தி கிடைக்காது.

4. ஒலி

திரையில் உறுமலும் புழுதியும் ஒருசேர வருகின்றன. நிஜத்தில் அப்படியல்ல. குண்டு குழலைவிட்டுப் புறப்படும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர், ஒலிக்கு 340தான். 1,200 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டால் இலக்கில் இருப்பவனை முதலில் எட்டுவது குண்டு. பீரங்கியின் உறுமல் ஏறக்குறைய இரண்டு விநாடி பிந்தித்தான் வரும். ஆப்கானிஸ்தானில் படைவீரர்கள் எடுத்த காணொளிகளில் இந்த வரிசை பிசகுவதில்லை: முதலில் மலைச்சரிவில் புழுதி, பிறகே அந்த நீண்ட கிழிசல் ஓசை.

5. விளையாட்டு

சினிமா விட்டதை ஓரளவு ஈடுசெய்வது ‘டி.சி.எஸ்.: ஏ-10சி வார்ட்ஹாக்’ (2011) என்ற கணினிப் பாவிப்பு விளையாட்டு. அங்கே மிச்சமிருக்கும் குண்டுகளை எண்ணியே சுடவேண்டும். டாங்கியின் முன்கவசத்தில் சுட்டு வீணாக்குபவர், மறுமுறை பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வர வழி தேடுவார்.