மூணு ரவுண்டு, பத்துப் பத்து

இன்னைக்கு வீட்டுக் கதையில ஆரம்பிச்சு 1945-க்குப் போகப் போறோம்.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு நாளைக்கு 1200 கலோரி, வாரத்துக்கு அஞ்சு நாள் ஓட்டம்னு இருந்தேன். ஆப் சொன்னதுதான் வேதம். சப்பாத்திக்கு எவ்வளவு, சட்னிக்கு எவ்வளவுன்னு எக்செல் ஷீட் வேற. 11 கிலோ குறைஞ்சது, ஆபீஸ்ல ஒரே பாராட்டு. அந்த நேரத்துலதான் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. ஒரு நாள் ராத்திரி பாத்ரூம்ல உட்கார்ந்தவங்களால எழுந்திருக்க முடியல, என்னைக் கூப்பிட்டாங்க. தூக்கப் போனேன். முடியல. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பித்தான் தூக்க வேண்டியிருந்தது. ஹால் சுவத்துல என்னோட பத்து கிலோமீட்டர் மெடல் தொங்கிட்டிருந்தது.

அடுத்த வாரம் பிசியோதெரபிஸ்ட் வந்தாங்க. துவரம்பருப்பு ஒரு கிலோ பாக்கெட்டை துணிப்பையில போட்டு அம்மா கணுக்கால்ல கட்டி, "பத்து தடவை காலை நீட்டுங்கம்மா. மூணு ரவுண்டு" என்றார்கள். நான் ஜிம்ல சேர்ந்த முதல் நாளும் இதே கணக்குதான். ஏன் மூணு, ஏன் பத்துன்னு கேட்டா யாருக்கும் தெரியல. ஆபீஸ்ல யார் எழுதினாங்கன்னே தெரியாம ஓடிட்டிருக்கும் பழைய கோடு மாதிரி. சரி, யார் எழுதினதுன்னு பார்ப்போம்னு தேடினேன்.

தேடல் போய் நின்ற இடம் ஒரு ராணுவ மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம், சிகாகோவின் கார்டினர் ஜெனரல் ஹாஸ்பிடல். கை கால் அடிபட்ட வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், படுக்கை காலியாகவில்லை. ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் ஆனாலும் தொடைத் தசை தேறாது. அன்றைய வைத்தியம் லேசான பயிற்சியைப் பல தடவை செய்வது: சைக்கிள் மிதி, படி ஏறு. கிட்டத்தட்ட நான் பண்ணிட்டிருந்த கார்டியோதான்.

அங்கே இருந்த இளம் டாக்டர் தாமஸ் டிலார்ம். சின்ன வயதில் ருமாடிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். இதயம் தாங்காது, உடம்பை அலட்டிக்காதே என்று டாக்டர்கள் சொன்னதைக் கேட்காமல் பார்பெல் தூக்கித் தேறியவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகும் தேறாத ஒரு சார்ஜென்ட்டுக்கு அதையே முயன்று பார்த்தார். ஷூவுக்கு அடியில் இரும்புத் தகடு, அதில் எடை, அதோடு காலை நீட்ட வேண்டும். தசை தேறத் தேற எடையைக் கூட்டினார். கால் திரும்ப வந்தது.

1945-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் எனக்கு யாரோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்தது. கனமான எடை, குறைந்த தடவை என்றால் பலம் வரும். லேசான எடை, நிறைய தடவை என்றால் தாக்குப்பிடிக்கும் திறன் வரும். ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது. ரெண்டு வருஷமா நான் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுட்டு இன்னொன்னோட அவுட்புட்டை எதிர்பார்த்திட்டிருந்தேன்!

முதலில் அவர் கொடுத்தது 70 முதல் 100 தடவை. அது அதிகம் என்று தெரிந்ததும் 1948-ல் வாட்கின்ஸோடு சேர்ந்து குறைத்தார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. முதல் ரவுண்டு அதில் பாதி, ரெண்டாவது முக்கால், மூணாவது முழுசு. துவரம்பருப்பு பாக்கெட்டின் பூர்வீகம் இதுதான்.

அதே 1945-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் வேறு ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், 24 வாரம், நாளைக்குச் சுமார் 1570 கலோரி, வாரம் 35 கிலோமீட்டர் நடை. பஞ்சத்தில் வாடிய ஐரோப்பியர்களுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் இது. எடைக் குறைப்புக்கு இல்லை. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது, பலமும் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். (ராத்திரி பன்னெண்டு மணிக்கு பரோட்டா வீடியோ பார்த்தது ஞாபகம் வந்துச்சு.) திரும்பச் சாப்பிட ஆரம்பித்தபோது தசையை முந்திக்கொண்டு கொழுப்பு ஏறியது. அதுக்குப் பேரு பஞ்சம். என் ஆப்ல அதைவிடக் குறைஞ்ச நம்பருக்குப் பச்சை டிக்!

அப்புறம் ஏன் எல்லாரும் ஓடினோம்? 1968-ல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' வந்தது, ஓட்டம் ஒரு அலையானது. இதயத்துக்கு அது நல்லதுதான், மறுக்கல. ஆனா எடை தூக்குறதைப் பத்தின பயம் அதுக்கு ரொம்ப முந்தியது. தூக்கினா உடம்பு இறுகிடும், வேகம் போயிடும்னு பயிற்சியாளர்களே நம்பினார்கள். ஸ்ப்ரிங்ஃபீல்ட் கல்லூரியின் கார்போவிச்சும் நம்பியவர்தான். 1940-ல் பாடிபில்டர் ஜான் கிரிமெக் அங்கே வந்தபோது, முதுகு நடுவில் சொறிந்து காட்ட முடியுமா என்று கேட்டார். கிரிமெக் சொறிந்தார், ஸ்ப்ளிட்ஸும் போட்டார். 1951-ல் கார்போவிச்சே ஆய்வு வெளியிட்டார்: தூக்குபவர்கள் 300 பேர், தூக்காதவர்கள் 300 பேர், யார் கை வேகமாகச் சுழல்கிறது? தூக்குபவர்கள் கைதான்.

1990-ல் இன்னும் ஒரு படி. பாஸ்டன் முதியோர் மருத்துவமனை ஒன்றில் மரியா ஃபியாடரோன் குழு, 90 வயதை ஒட்டிய பத்து பேருக்கு எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தது. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அவங்களுக்கு தொண்ணூறா? எனக்கு அம்பத்தெட்டுதானேடா" என்றார்கள்.

நான் இப்போ வாரம் மூணு நாள் டெட்லிஃப்ட், ஸ்குவாட். எக்செல்ல கலோரி காலம் போயி கிலோ காலம் வந்திருக்கு. போன வாரம் மளிகை லிஸ்ட் போடும்போது துவரம்பருப்பு ரெண்டு கிலோன்னு அம்மா சொன்னாங்க. நாம ரெண்டு பேருக்கு எதுக்கும்மா இவ்வளவுன்னேன். "ஒண்ணு சாம்பாருக்கு. இன்னொண்ணு பையில சேர்க்கணும், ஒரு கிலோ இப்போ கனமாவே தெரியல."