அஞ்சிய பூனைகளை அணுகிய வரலாறு

மீட்கப்பட்டுக் காப்பகத்திற்கு வந்துசேரும் வளர்ந்த பூனையொன்று கூண்டின் பின்மூலையில் உடலை ஒடுக்கி, காதுகளைத் தலையோடு படியவைத்து, கண்பாவை அகல விரிய ஆளைப் பார்த்துச் சீறும்போது, அதனிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்ற கேள்விக்கு இன்று ஓரளவு தெளிவான விடை உண்டு. அவ்விடையை விலங்குநல இயக்கத்தின் கருணை மட்டும் தேடித்தரவில்லை. அதன் பெரும்பகுதி உளவியல் ஆய்வுக்கூடங்களில், அதிலும் பூனைகளை வேண்டுமென்றே அச்சத்திற்கு ஆளாக்கிய ஆய்வுக்கூடங்களில் உருவானது.

பூனைகளுக்குப் புகலிடம் தந்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்று லண்டனில் இருந்தது. 1860இல் மேரி டீல்பி என்ற பெண்மணி ஹாலோவே பகுதியில் தொடங்கிய தெருநாய் இல்லம் 1871இல் பேட்டர்சீக்கு இடம்பெயர்ந்து, 1883 முதல் பூனைகளையும் ஏற்றுக்கொண்டது. பூனைகளுக்கென்றே தனி அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் 1927இல் அந்நகரின் கேக்ஸ்டன் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் பூனைப் பாதுகாப்புக் கழகமாக உருப்பெற்றது. பசியும் நோயும் தெருவில் நேரும் கொடுமையுமே இவ்வமைப்புகளின் முதற்கவலைகள். வேரூன்றிவிட்ட அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்க முடியும் என்ற அறிவு அந்நாளில் உளவியலிலேயே அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது.

1924இல் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் பீட்டர் என்று தம் கட்டுரையில் குறிப்பிட்ட சிறுவனின் முயல் அச்சத்தைப் போக்கிய விதத்தை வெளியிட்டார். சிறுவன் தனக்குப் பிடித்த உணவை உண்டுகொண்டிருக்கையில் கூண்டிலிருந்த முயல் முதலில் எட்டத்தில் வைக்கப்பட்டு, அவன் உண்பது தடைப்படாத அளவிற்கு மட்டும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது; இறுதியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். அச்சந்தரும் பொருளோடு இன்பந்தரும் ஒன்றை இணைத்துப் பழைய உணர்ச்சியை மாற்றும் இம்முறையை எதிர்ப்பழக்கம் எனலாம்.

பூனைகள் இவ்வரலாற்றுக்குள் வந்தது துயரமான வழியில். 1940களில் சிகாகோவில் ஜூல்ஸ் மாசர்மேன், உணவுப்பெட்டியைத் திறக்கப் பழகிய பூனைகள் உண்ணும் வேளையில் அவற்றின்மீது காற்றைப் பீய்ச்சியோ மின்னதிர்ச்சி தந்தோ அவை உணவையே மறுக்கும் நிலையை உண்டாக்கி, அதைச் செயற்கை மனநோய் என்று விளக்கினார். அச்சோதனைகளைப் படித்த தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே, இரண்டாம் உலகப்போரில் மனம் குலைந்த படைவீரர்களுக்கு அன்றைய சிகிச்சைகள் போதிய பயன் தராததைக் கண்டவர். 1940களின் பிற்பகுதியில் ஜோகனஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மாசர்மேனின் சோதனைகளை மாற்றியமைத்துச் செய்தார். கூண்டுக்குள் ஓர் ஒலியோடு சேர்த்து அதிர்ச்சி பெற்ற பூனைகள், பின்னர் அதிர்ச்சியே இல்லாதபோதும் அக்கூண்டில் நடுங்கின. பட்டினி கிடந்தும் அங்கே வைத்த இறைச்சியைத் தொடவில்லை. அவ்வச்சம் கூண்டோடு நிற்காமல் அது இருந்த அறைக்கும் பரவியது. ஆனால் அந்த அறையை ஓரளவே ஒத்த வேறு அறைகளில் ஒப்புமை குறையக் குறைய அச்சமும் குறைந்தது. இதைக் கவனித்ததுதான் வோல்பேயின் பெருஞ்சாதனை. மிகக் குறைவாக ஒத்த அறையில் முதலில் உணவிட்டு, அங்கே பூனை தயக்கமின்றி உண்ணத் தொடங்கிய பிறகே அடுத்த அறைக்கு நகர்ந்து, கடைசியில் பழைய கூண்டுக்குள்ளேயே அதை உண்ணவைத்தார். சில பூனைகளுக்கு ஆய்வாளர் தம் கையால் நீட்டிய இறைச்சித் துண்டும் உதவியது. அச்சத்தைப் படிநிலைகளாகப் பகுத்து ஒவ்வொன்றாகக் கடக்கச் செய்யும் இம்முறை, 1958இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே மனிதர்களின் அச்ச நோய்களுக்கான சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. அப்பூனைகள் பட்ட வலியை இக்கண்டுபிடிப்பு ஈடுசெய்துவிட்டதாகக் கூறுவது நேர்மையாகாது. மனிதருக்கும் விலங்குக்கும் அதனால் கிடைத்த நன்மை பெரிது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

அம்முறை மீண்டும் விலங்குகளிடம் திரும்பியது 1970களில். 1974இல் அமெரிக்காவில் டேவிட் டியூபர், டேவிட் ஹாதர்சால், விக்டோரியா வாய்த் ஆகிய மூவரும், மனிதச் சிகிச்சைக்குப் பயன்பட்ட நடத்தைமுறைகளை வீட்டு விலங்குகளின் தொல்லைகளுக்கும் கையாளலாம் என்று ஒரு கட்டுரையில் முன்மொழிந்தனர். பூனைகளைப் பொறுத்தவரை இத்திரும்புதலில் ஒரு தடை நேர்ந்தது. 1980களில் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள், பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதக் கைபட்ட குட்டிகளே மனிதரை எளிதில் ஏற்கின்றன என்று காட்டின. இம்முடிவு சரியே, எனினும் அப்பருவத்தைத் தவறவிட்ட பூனை இனி மாறவே மாறாது என்று அதை நீட்டிப் படித்தவர்களும் உண்டு. மனிதரை அறியாமலே வளர்ந்த பூனையும், ஒருகாலத்தில் வீட்டில் வாழ்ந்து, கைவிடப்பட்டு, அஞ்சிப்போன பூனையும் கூண்டுக்குள் ஒரேமாதிரிதான் சீறும். வந்த முதல்நாளில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். சான்ட்ரா மெக்கூன் 1995இல் வெளியிட்ட ஆய்வோ, குட்டிகளை வளர்ப்பதில் பங்கு கொள்ளாத தந்தைப் பூனையின் துணிவும் குட்டிகளின் துணிவில் வெளிப்படுவதைக் காட்டி, அச்சத்தின் ஒரு பகுதி பிறப்போடு வருவது என்பதையும் உணர்த்தியது.

அச்சத்தை அளக்கும் கருவி 1997இல் ஓரளவு நிலைபெற்றது. சூரிச் நகரின் கெஸ்லர், டர்னர் ஆகிய இருவர் உடலின் தோரணை, வால், காது, கண்பாவை, குரல் முதலியவற்றைக் கொண்டு பூனையின் மன அழுத்தத்தை ஏழு படிகளில் மதிப்பிடும் முறையைக் கையாண்டனர். அதே அளவுகோலைக் கொண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி தரப்பட்டது. பெட்டி பெற்றவை முதற்சில நாட்களிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாக அமைதியடைந்தன. ஒளியும் பூனையை யாரும் தத்தெடுக்க வரமாட்டார்கள் என்ற எண்ணத்தில் மறைவிடத்தை மறுப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இன்றைய நடைமுறையில் பராமரிப்பவர் பூனையை நேராக நோக்காமல் பக்கவாட்டில் தரையில் அமர்கிறார். ஈர உணவு வைத்த கிண்ணத்தைப் பூனை உண்ணத் துணியும் தூரத்தில் வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை அதைத் தம் பக்கம் சற்றே நகர்த்துகிறார். பின்னர் நீண்ட காம்புடைய கரண்டியின் நுனியில் உணவை நீட்டுகிறார். பூனை உண்பதை நிறுத்தினால் தூரம் மிகையாகக் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். ஜோகனஸ்பர்க்கின் அறைகளுக்குப் பதிலாக இங்கே தரையின் சில அடிகள். இதற்கு மாறாக, பூனையைத் துண்டில் சுற்றி, அது திமிறுவதை நிறுத்தும்வரை மடியில் பிடித்து வைத்திருக்கும் வழக்கமும் இருந்துவந்தது. அச்சத்தின் முழு வேகத்திற்கும் ஒருவரைத் தப்பவிடாமல் ஆட்படுத்தும் இவ்வழியை உளவியலார் மூழ்கடித்தல் என்பர். அவ்வாறு அடங்கிய பூனை பெரும்பாலும் அமைதியடைந்ததில்லை. அச்சத்தால் உறைந்துபோயிருக்கிறது, அவ்வளவே. 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமற்ற ஒருவர் கண்களை மெல்ல மூடித் திறந்தபின் கையை நீட்டினால் பூனை அவரை அணுக முன்வருவது கூடுகிறது என்று காட்டியதால், பூனை வளர்ப்போர் பலகாலம் கைக்கொண்டிருந்த ஒரு செய்கைக்கும் ஆய்வின் ஆதரவு கிடைத்தது.

எல்லாப் பூனைகளும் இவ்வழியில் வீட்டுக்குள் வந்துவிடுவதில்லை. மனிதரை அறியாமலே முதிர்ந்துவிட்ட பூனைக்கு வாரக்கணக்கில் கூண்டில் அடைபட்டிருப்பதே பெருந்துன்பம் என்பதால், கருத்தடை செய்து அதன் பழைய இடத்திலேயே விடும் முறை 1970கள் முதல் டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் வளர்ந்தது. பழைய இடம் பாதுகாப்பற்றதாகிவிட்டால் பண்ணைகளிலும் குதிரை லாயங்களிலும் அவற்றுக்கு இடம் தேடித்தரும் பணியை, 1927இல் தோன்றிய அந்தக் கழகம் இன்றும் செய்துவருகிறது. அங்கே அவற்றுக்கு உணவும் கூரையும் மருத்துவமும் கிடைக்கின்றன. யாரும் அவற்றைத் தொட முற்படுவதில்லை.