கொந்தகை முகங்களும் தாடை அளவியலும்

கொந்தகை என்பது சிவகங்கை மாவட்டத்தில் கீழடிக்கு அருகில் உள்ள ஊர். கீழடியில் வாழ்ந்த பழங்கால மக்களின் ஈமக்காடு இங்கு இருந்ததாகத் தொல்லியலாளர்கள் கருதுகின்றனர். இங்கு கிடைத்த, ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் பழமையான இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு 2025ஆம் ஆண்டில் கணினி வழியே முகம் அமைத்துக் காட்டப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபியல் துறையும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வுக்கூடமும் இப்பணியைச் செய்தன. வளைந்த பற்களைச் சீரமைக்கவும் தாடை அறுவையைத் திட்டமிடவும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் முப்பரிமாணப் படிமமும் தாடை அளவீடுகளும் இதற்கு அடிப்படையாயின. அந்த அளவீடுகளே ஒரு காலத்தில் பழைய மண்டையோடுகளை ஆராயும் துறையிலிருந்து பல் மருத்துவத்துக்குச் சென்றவை.

மண்டையோட்டு அளவீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிடவியலாளர்கள் மண்டையோடுகளை அளவுகோல்களால் அளந்து ஒப்பிட்டனர். ஒருவர் மண்டையோட்டை நிமிர்த்தியும் மற்றொருவர் சாய்த்தும் வைத்து அளந்தால் முடிவுகள் ஒத்துவரமாட்டா. எனவே 1884இல் செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் கூடிய மானிடவியலாளர்கள் ஒரு பொதுக் கிடைக்கோட்டை வகுத்தனர். கண்குழியின் கீழ்விளிம்பையும் காதுத் துளையின் மேல்விளிம்பையும் இணைக்கும் அக்கோடு 'பிராங்க்ஃபர்ட் கிடைத்தளம்' எனப்படுகிறது. பல் மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

தமிழ்நாட்டில் இத்தகைய ஆய்வுக்கு ஆளானவை ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள். தாமிரபரணிக் கரையில் உள்ள இவ்வூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழாய்வு செய்தார். அங்கு கிடைத்த மண்டையோடுகளை ஆராய்ந்த சாலி சக்கர்மன் தம் முடிவுகளை 1930இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாகத் தந்தார். மண்டையோட்டு அளவுகளைக் கொண்டு மனிதர்களை இனவகைகளாகப் பிரிக்கும் போக்கு அக்காலத்தில் மேலோங்கியிருந்தது.

எக்ஸ் கதிரும் பல்சீரமைப்பும்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உடற்கூற்றியலாளர் விங்கேட் டாட், மண்டையோட்டை அசையாமல் நிறுத்தி அளக்கும் கருவி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அவருடன் பணியாற்றிய பல்சீரமைப்பு மருத்துவர் ஹாலி பிராட்பென்ட் அதே கருத்தை உயிருள்ள மனிதரின் தலைக்குப் பொருத்தினார். தலையை ஒரே நிலையில், ஒரே தொலைவில் நிறுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் முறையை அவர் 1931இல் வெளியிட்டார். அதே ஆண்டில் செருமனியில் ஹோஃப்ராத்தும் இத்தகைய முறையை வெளியிட்டார். இதன் பயனாக, வளரும் குழந்தையின் தாடையை ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிட முடிந்தது.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. பக்கவாட்டுப் படத்தில் இடத்தாடையும் வலத்தாடையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. முகத்தின் கோணலை அதில் சரியாக அளக்க இயலவில்லை.

அச்சிலிருந்து கணினிப் படிமம்

பல் வரிசையைப் பதிவு செய்ய மருத்துவர்கள் நெடுங்காலம் வாயில் அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி செய்தனர். தாடை அறுவைக்கு முன் அந்த மாதிரியை ரம்பத்தால் அறுத்து, நகர்த்தி, மெழுகால் ஒட்டிப் பார்ப்பது வழக்கம். மாதிரிகள் உடைந்தன; அவற்றைப் பாதுகாக்க அறை அறையாக இடமும் தேவைப்பட்டது.

காட்ஃபிரே ஹவுன்ஸ்பீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி 1971இல் இலண்டனில் படமெடுக்கப்பட்டார். உடலை மெல்லிய வெட்டுகளாகக் காட்டும் இம்முறைக்காக அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டுப் படங்களை அடுக்கி, எலும்பின் அடர்த்தியுள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்தால் முப்பரிமாண எலும்புப் படிமம் கிடைக்கும். 1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் சப்பானிலும் பல் மருத்துவத்துக்கென்றே கூம்புக்கதிர் சி.டி. கருவிகள் வந்தன. வாய்க்குள் வைக்கும் ஸ்கேனர் பிளாஸ்டர் அச்சின் வேலையைப் பெரிதும் குறைத்தது. இன்று அறுவை மருத்துவர் கணினியிலேயே தாடையை அறுத்து நகர்த்தி, சிகிச்சைக்குப் பின் முகம் எவ்வாறு மாறும் என முன்கூட்டியே பார்க்கிறார்.

கொந்தகை மண்டையோடுகள்

கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014–15இல் அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. 2020இல் நடந்த ஆறாம் கட்ட அகழாய்வில் கொந்தகையும் சேர்க்கப்பட்டது. அங்கு முதுமக்கள் தாழிகளும் எலும்புகளும் வெளிப்பட்டன.

தேர்ந்தெடுத்த இரு மண்டையோடுகளின் சி.டி. படங்களிலிருந்து முப்பரிமாணப் படிமங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றின்மேல் தசை, கொழுப்பு, தோல் ஆகியவை உடற்கூற்று அளவுகளின்படி கணினியில் சேர்க்கப்பட்டன. நெற்றி, கன்னம், மேலுதடு போன்ற ஒவ்வோரிடத்திலும் தோலும் சதையும் எவ்வளவு தடிமன் என்பதற்கு, இக்கால மக்களிடம் எடுத்த அளவுகளே இத்தகைய பணிகளில் வழிகாட்டி.

கீழ்த்தாடைச் சிக்கல்

இம்மண்டையோடுகளுக்குக் கீழ்த்தாடை கிடைக்கவில்லை. எனவே பல்சீரமைப்பில் வழங்கும் அளவு விதிகளைக் கொண்டு அது மதிப்பிடப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. இவ்வாறு மதிப்பிட மண்டையோட்டிலேயே சில தடயங்கள் உண்டு. காதுக்கு முன்னுள்ள மூட்டுக் குழிகளின் இடைவெளி, தாடையின் பின்பக்க அகலத்தைக் காட்டும். மேல் பல்வரிசையின் வளைவு கீழ்வரிசையின் வளைவை உணர்த்தும். மேல்முகத்தின் உயரத்திலிருந்து கீழ்முகத்தின் உயரத்தை ஏறத்தாழக் கணக்கிடலாம்.

ஆனால் மோவாய் எவ்வளவு முன்தள்ளியிருந்தது, தாடைக் கோணம் எவ்வளவு அகன்றிருந்தது என்பவற்றை மண்டையோடு உறுதியாகச் சொல்லாது. ஒரே அளவு மேல்தாடை கொண்ட இருவருக்கு வெவ்வேறு மோவாய் அமைவதை மருத்துவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அறுவை மருத்துவர் தம் கணிப்பைச் சில மாதங்களில் நோயாளியின் முகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். தொல்லியலாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எது சான்று, எது கணிப்பு

இப்படங்கள் வெளியானதும் சமூக ஊடகங்களில் இம்முகங்கள் எந்த இனத்தைச் சேர்ந்தவை என்ற விவாதம் எழுந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளிடம் கேட்கப்பட்ட கேள்வியே மீண்டும் கேட்கப்பட்டது. ஆனால் தோல், கண், முடி ஆகியவற்றின் நிறம் எலும்பில் பதிவதில்லை. கொந்தகை முகங்களுக்கு இன்றைய தமிழ்நாட்டு மக்களின் நிறங்களே அளிக்கப்பட்டன. எனவே அந்நிறத்தைக் கொண்டு பழங்கால மக்களின் நிறத்தை மெய்ப்பிக்க முடியாது. நெற்றி, கண்குழி, கன்ன எலும்பு, மூக்கின் அடிப்பகுதி ஆகியவை எலும்பிலிருந்து நேரடியாக வந்தவை. உதடு, காது, மோவாய், நிறம் ஆகியவை வெவ்வேறு அளவில் கணிப்பைச் சார்ந்தவை.

காஞ்சிபுரம்–செங்கல்பட்டு வட்டாரத்துச் சானூர் முதல் தெற்கே ஆதிச்சநல்லூர் வரை தமிழ்நாட்டில் பழங்கால ஈமக்களங்கள் பல உள்ளன. வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்ணில் எலும்புகள் எளிதில் சிதைகின்றன. கிடைத்த எலும்பை உடனே முப்பரிமாணத்தில் பதிந்து வைத்தால், அது பொடிந்துபோன பின்னும் வடிவம் எஞ்சும். மதுரை ஆய்வாளர்கள் பற்களிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கவும் முயன்று வருகின்றனர். மரபணுவிலிருந்து நிறம் பற்றிய செய்தி கிடைத்தாலோ, கீழ்த்தாடையுடன் கூடிய மண்டையோடு வேறொரு தாழியில் கிடைத்தாலோ, இதே படிமங்களைக் கொண்டு முகங்களைத் திருத்தி அமைக்கலாம்.