கேங்கோ குகைக்கு வழிகாட்டி வந்த கதை

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில், அவுட்ஸ்ஹோர்ன் ஊருக்கு வடக்கே ஸ்வார்ட்பெர்க் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. காலையில் அதன் அடிவாரத்திலுள்ள கேங்கோ குகைக்குள் நுழைந்து வந்தால், பொழுது சாய்வதற்குள் ரஸ்ட் என் ஃப்ரீட அருவியையும் பார்த்துவிடலாம். இரண்டும் ஒரே மலைநாட்டில் பெய்யும் மழையின் வேலை. மேலே இறுகிய மணற்பாறை. தண்ணீர் அதைச் சுலபத்தில் கரைக்க முடியாமல் அருவியாகக் குதித்து இறங்குகிறது. அடிவாரத்தில் ஓடுவது சுண்ணாம்புப் பாறை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்த மழைநீர் அதில் இறங்கி, கரைத்துக் கரைத்து மண்டபங்களைக் குடைந்துவிட்டது.

அந்த மண்டபங்களுக்குள் டிக்கெட் எடுத்து, வழிகாட்டியின் பின்னால் வரிசையாகப் போகும் வழக்கம் எப்படி வந்தது? ஊரைச் சுற்றிக் காட்டும் ஆசையில் வந்ததல்ல. உள்ளே போனவர்கள் குகையை உடைத்து எடுத்துப் போனதால் வந்தது.

குகை வாயிலில் ஆதிகாலத்திலேயே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். சான் மக்களின் பாறை ஓவியங்கள் அங்கே உண்டு. 1780இல் வான் சில் என்ற பண்ணைக்காரர் விளக்கோடு உள்ளே இறங்கினார் என்று சொல்லி வருகிறார்கள். முதல் பெரிய மண்டபம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதன் பிறகு வந்தவர்கள் சுவரில் பெயரைக் கீறினார்கள். கூரையிலிருந்து தொங்கிய சுண்ணாம்பு விழுதுகளை ஒடித்து நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்பில் வளர்பவை அவை. விரல் நீளம் நீளவே பல நூற்றாண்டுகள் ஆகும். ஒடிக்க ஒரு நொடி போதும்.

1820இல் கேப் ஆளுநர் சார்லஸ் சாமர்செட் பிரபு குகைக்கென்றே ஒரு விதி போட்டார். எதையும் பெயர்த்து எடுக்கக் கூடாது, எடுத்தால் அபராதம், உள்ளே போகக் கட்டணம். இயற்கைச் செல்வம் ஒன்றைக் காக்க அந்த நாட்டில் எழுந்த மிகப் பழைய சட்டங்களில் இது ஒன்று. ஆனாலும் உடைப்பு நிற்கவில்லை. விதி காகிதத்தில் இருந்தது. இருட்டுக்குள் கூடவே நடக்க ஆள் இல்லை.

அந்த ஆள் 1891இல் வந்தார். ஜானி வான் வாசெனார், குகையின் முதல் முழுநேர வழிகாட்டி. 43 ஆண்டுகள் அதே வேலை. அறை அறையாக அவரே துழாவிப் பல பக்கவழிகளைக் கண்டார். ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே கூட்டிப்போய்ப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார். 29 மணி நேரம் நடந்து குகையின் கோடிக்கே போய்வந்தார், அங்கே 25 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஆறு ஓடியது என்றும் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பின்னாளில் அளந்தவர்கள் கண்ட நீளம் அதற்கு வெகு குறைவு. இருக்கட்டும். அவருடைய பெருமைக்கு அந்த ஆறு தேவையில்லை. இன்று அங்கே ஒவ்வொரு குழுவோடும் ஒருவர் நடக்கிறாரே, அந்த வேலையை முழுநேரத் தொழிலாக முதலில் செய்தவர் அவர்தான்.

கூட வரும் மனிதர்களின் மூச்சும் விளக்கு வெளிச்சமும்கூடக் குகைக்குக் கெடுதல் செய்யும் என்பது பிறகுதான் புரிந்தது. வெளிச்சம் படும் இடத்தில் பச்சைப் பாசி பிடிக்கிறது. வான் சில் மண்டபத்தில் ஒரு காலத்தில் இசைக் கச்சேரிகள் நடந்தன. சேதத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரி. இசைக்கு வேறு மண்டபம் கட்டிக்கொள்ளலாம்.

1972இல் குகையின் வழிகாட்டிகளே சுவருக்கு அப்பால் இன்னொரு மண்டபத் தொடரைக் கண்டுபிடித்தார்கள். யார் கையும் படாத விழுதுகள், புகை ஏறாத சுவர்கள். பயணிகளை அழைத்துப் போகும் பாதையில் அதைச் சேர்க்கவில்லை. இன்றுவரை அது பொதுமக்களுக்குத் திறக்கப்படாமலே இருக்கிறது.