டாலெக்குகளைப் படைத்தது யார்? ஒரு போர்க்காலத் தோற்றக் கதையின் வரலாறு

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1963 டிசம்பரில் அறிமுகமான டாலெக்குகள், பிரிட்டிஷ் அறிவியல் புனைவின் வில்லன்களில் நீண்ட ஆயுள் கொண்டவை. உலோக ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் உயிர், தன் இனமல்லாத எதையும் அழித்துவிடும் வெறி என்ற இரண்டும் அறுபது ஆண்டுகளாக மாறவில்லை. அவற்றின் தோற்றக் கதைதான் மாறிக்கொண்டே வந்தது. 1963, 1965, 1975 என மூன்று முறை அது வெவ்வேறாகச் சொல்லப்பட்டது. மூன்றிலும் களம் போர்தான். ஆனால் பழி விழும் இடம் ஒவ்வொரு முறையும் நகர்கிறது. முதல் கதையில் குண்டு, இரண்டாவதில் தற்செயல், மூன்றாவதில் ஒரு மனிதனும் அவனுக்குத் துணைநின்ற நிறுவனமும். இரண்டாம் உலகப் போரைச் சிறுவர்களாகவும் சிப்பாய்களாகவும் கண்டவர்கள் அந்தப் போரின் கொடுமைக்குக் காரணம் தேடிய பாதை இந்த நகர்வில் பதிந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

டாலெக்குகளை எழுதிய டெர்ரி நேஷன் 1930 ஆகஸ்ட் 8 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில், லாண்டாஃப் பகுதியில் பிறந்தவர். 1941 ஜனவரி 2 இரவு ஜெர்மன் விமானங்கள் கார்டிஃபைத் தாக்கியபோது அவருக்குப் பத்து வயது. அந்த ஒரே இரவில் 150க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாராசூட்டில் இறக்கப்பட்ட வெடிகுண்டு ஒன்று லாண்டாஃப் பேராலயத்தைச் சிதைத்தது. தந்தை ராணுவத்தில், தாய் வான்தாக்குதல் காவல் பணியில் இருக்க, பல இரவுகளைப் பதுங்கு குழியில் தனியாகப் புத்தகமும் வானொலியுமாகக் கழித்ததை நேஷன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். டாலெக்குகளுக்கு முன்மாதிரி நாஜிகள் என்பதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் பதுங்கு குழியில் இருக்கும் சிறுவனுக்கு எதிரியின் முகம் தெரியாது. கேட்பது விமானத்தின் இரைச்சலும் வெடியோசையும்தான். 1963இல் அவர் எழுதிய முதல் தோற்றக் கதையும் முகமற்றதாகவே இருக்கிறது.

அந்தக் கதை ஏழு பகுதிகளாக 1963 டிசம்பர் 21 முதல் 1964 பிப்ரவரி 1 வரை ஒளிபரப்பானது. பிபிசி நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், வேற்றுக்கிரகப் பூதங்கள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் உறுதியாக நின்று இதை எடுத்தார். ரேமண்ட் க்யூசிக் வடிவமைத்த ஓடும், பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம் இருவரின் குரலை மின்கருவியால் நறுக்கிய ஒலியும் சேர்ந்து, அந்தக் கதையின் முடிவுக்குள் பார்வையாளர் எண்ணிக்கையை ஒரு கோடிக்கு மேல் உயர்த்தின.

கதைப்படி, ஸ்காரோ என்ற கோளில் 500 ஆண்டுகளுக்கு முன் இரு இனங்களுக்கிடையே நியூட்ரான் போர் மூண்டது. ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. தால்கள் என்ற இனத்தார் கதிர்வீச்சால் உருமாறி, தலைமுறைகள் கடந்து மீண்டும் அழகிய மனித உருவத்துக்குத் திரும்பினார்கள். மற்ற இனம் நகரத்துக்குள் ஒடுங்கி, உருக்குலைந்து, தனக்கென இயந்திர ஓடுகளைச் செய்துகொண்டது. இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு: டாலெக்குகளின் முன்னோர் ஆசிரியர்களும் தத்துவவாதிகளும் என்றும், தால்கள்தான் பேர்பெற்ற போர்வீரர்கள் என்றும் அக்கதை சொல்கிறது. பின்னால் வந்த எல்லாக் கதைகளும் மறந்துவிட்ட செய்தி இது. எனக்கு இதுவே முதல் கதையின் உயிர். சிந்தனையாளர்களும் பூதங்களாகலாம், வீரர்களும் சாந்தமாகலாம், குண்டு விழுந்தபின் பழைய குணம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து 14 மாதங்களே ஆகியிருந்த நேரத்தில் பிரிட்டிஷ் குடும்பங்கள் இதைப் பார்த்தன.

இந்தக் கதைக்குள் 1930களின் பழைய கேள்வி ஒன்றும் இருக்கிறது. தால்கள் இப்போது ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள். தொடரின் நாயகரான டாக்டருடன் வந்த ஆசிரியர் இயன், அவர்களைப் போரிடச் செய்ய வழி தெரியாமல், தலைவன் அலைடனின் காதலியை டாலெக்குகளிடம் பண்டமாற்றாகக் கொடுக்கப்போவதாக இழுத்துச் செல்கிறார். அலைடன் அவரைக் குத்திக் கீழே தள்ளுகிறான். எதற்காகவாவது நீங்களும் சண்டையிடுவீர்கள் என்று காட்டுவதற்காக நடத்தப்பட்ட நாடகம் அது. ஹிட்லருடன் சமரசம் பேசிப் பார்த்து ஏமாந்த ஒரு நாட்டின் மனவடு இந்தக் காட்சியில் தெரிகிறது. ஆனாலும் டாலெக்குகள் ஏன் இப்படி ஆயின என்பதற்கு விடை நியூட்ரான் குண்டு மட்டுமே. அதை வீசியவர் யாரென்று கதை கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1964 நவம்பர் 21 முதல், டாலெக்குகள் லண்டனையே பிடித்தன. ஆகஸ்ட் மாத அதிகாலையில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. நடக்காமல் போன ஜெர்மன் ஆக்கிரமிப்பை நேஷன் இங்கே நடத்திக் காட்டினார்: கைகளை முன்னே உயர்த்தி அணிவகுக்கும் டாலெக்குகள், சுரங்க வேலைக்கு ஓட்டப்படும் மக்கள், கள்ளச்சந்தைக்காரன், தஞ்சம் புகுந்தவர்களை உணவுக்காகக் காட்டிக்கொடுக்கும் பெண்கள். ஆற்றில் பிணங்களைப் போடக் கூடாது என்று தேம்ஸ் கரையில் ஓர் அறிவிப்பு. அழித்தொழிப்புத் திட்டத்தைக் குறிக்க நாஜிகள் பயன்படுத்திய ‘இறுதித் தீர்வு’ என்ற தொடரையே ஒரு டாலெக் சொல்கிறது. உவமை இதைவிட வெளிப்படையாக இருக்க முடியாது. எதிரி யாரென்பது தெளிவாகிவிட்டது. எங்கிருந்து வந்தான் என்பதுதான் இன்னும் மீதி.

1965 ஜனவரியில் ‘டிவி செஞ்சுரி 21’ என்ற சிறுவர் வார இதழில் தொடங்கிய படக்கதை இதற்கு ஒரு விடை தந்தது. நேஷனின் பெயர் இருந்தாலும், எழுத்தில் பெரும்பங்கு தொலைக்காட்சித் தொடரின் கதைப் பொறுப்பாசிரியராக இருந்த டேவிட் விட்டேக்கருடையது. இங்கே யார்வெலிங் என்ற விஞ்ஞானி போர் இயந்திரமாக டாலெக்கை வடிக்கிறார். போர்வெறி பிடித்த ஸோல்ஃபியான் அதைப் பயன்படுத்தக் காத்திருக்கிறார். ஆனால் குண்டுக் கிடங்கை வெடிக்கச் செய்வது ஒரு விண்கல் மழை. எஞ்சிய ஓட்டுக்குள் உருமாறிய உயிர் ஒன்று தானே குடியேறிக்கொள்கிறது. விஞ்ஞானி வந்துவிட்டார், குற்றவாளி இன்னும் வரவில்லை.

அதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. தயாரிப்பாளர் பாரி லெட்ஸும் கதைப் பொறுப்பாசிரியர் டெரன்ஸ் டிக்ஸும் நேஷன் கொடுத்த புதிய கதை முந்தையவற்றின் மறுபதிப்பாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். டாலெக்குகள் தோன்றிய கதையை எழுதலாமே என்றார் லெட்ஸ். படமாகும்போது பொறுப்பு பிலிப் ஹின்ச்க்ளிஃப், ராபர்ட் ஹோம்ஸ் இருவரிடம் மாறியிருந்தது. ஹோம்ஸ் இளம் அதிகாரியாக பர்மாப் போர்முனையில் இருந்தவர். 1973–74இல் ‘தி வேர்ல்ட் அட் வார்’ என்ற 26 பகுதி ஆவணத் தொடர் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் முகாம்களையும் விசாரணைகளையும் கொண்டுவந்திருந்தது. கேள்வி குண்டிலிருந்து அதை வடிவமைத்த மேசைகளுக்கு நகர்ந்திருந்த காலம் அது.

‘ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ 1975 மார்ச் 8 முதல் ஏப்ரல் 12 வரை ஆறு பகுதிகளாக வந்தது. இயக்கம் டேவிட் மலோனி. முதல் காட்சியில், வாயு முகமூடி அணிந்த வீரர்கள் மூடுபனியிலிருந்து எழுந்து வந்து, மெதுவாக்கப்பட்ட அசைவில் சுடப்பட்டுச் சரிகிறார்கள். சர்ரேயின் பெட்ச்வொர்த் கல்குவாரிதான் அந்தப் போர்க்களம். டாக்டர் பதுங்குகுழி ஒன்றில் இறங்கும்போது, இறந்த வீரர்கள் சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் காவல் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக. அவர்கள்மேல் விலங்குத் தோலும் கதிர்வீச்சு அளவியும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆயிரம் ஆண்டுப் போர் நாகரிகத்தைத் தின்று தீர்த்த கதையை வசனமின்றிச் சொல்லிவிடுகிறது அந்த உடுப்பு.

கேலட், தால் என்ற இரு இனங்களும் ஆளுக்கொரு கவிகைக்குள் முடங்கியிருக்கின்றன. 1963இல் சாந்தமே உருவாக இருந்த தால்களின் முன்னோர், இங்கே கைதிகளை நச்சு வெடிமருந்து சுமக்கவைத்துச் சாகடிக்கிறார்கள். நல்ல பக்கம் என்று ஒன்று இல்லை. வேதி ஆயுதங்களால் உருச்சிதைந்தவர்களை இனத் தூய்மையின் பெயரால் பாழ்நிலத்துக்கு விரட்டிவிட்டார்கள். கேலட் அதிகாரிகளின் கருப்புச் சீருடையும் குதிகால் அடித்து நிற்கும் பழக்கமும் யாரை நினைவூட்டுகின்றன என்பதில் ஐயமில்லை; பீட்டர் மைல்ஸ் நடித்த நைடர், தொடக்கப் பகுதிகளில் ஜெர்மன் இரும்புச் சிலுவையையே அணிந்திருந்தார், பிறகு அது அகற்றப்பட்டது.

டாலெக்குகளைப் படைத்தவனான டாவ்ரோஸ் வருவது இந்த உலகத்துக்குள்தான். மைக்கேல் விஷர் நடித்த அந்த விஞ்ஞானி, கீழ்ப்பாதி டாலெக் வடிவிலேயே அமைந்த நாற்காலியில், ஒரு கை மட்டும் இயங்க உயிர் பிழைத்திருப்பவன். ஆனால் அவனுடைய குற்றத்தை உடலில் தேடக் கூடாது. கேலட் அரசு டாலெக் திட்டத்தை நிறுத்தி விசாரிக்க முடிவுசெய்ததும், அவன் இரகசியமாகத் தால்களிடம் சென்று, தன் சொந்த நகரின் கவிகையைப் பலவீனமாக்கும் வேதிச் சூத்திரத்தைக் கொடுக்கிறான். திட்டம் பிழைக்க வேண்டும், இனம் அழியட்டும். ஏவுகணை தாக்கி நகரம் சாம்பலான பின், அந்தத் துரோகத்தைத் தன்னை எதிர்த்த ரான்சன் என்ற விஞ்ஞானிமேல் சுமத்தி டாலெக்கை ஏவிக் கொல்கிறான். 1963இல் வானத்திலிருந்து விழுந்த குண்டுக்கு இப்போது அனுப்புநர் இருக்கிறார்.

ஐந்தாம் பகுதியில் டாக்டர் அவனிடம் கேட்கிறார்: எல்லா உயிரையும் கொல்லும் நுண்கிருமி ஒன்றை நீ உருவாக்கினால், அதைப் பயன்படுத்துவாயா? டாவ்ரோஸ் முதலில் ஓர் ஆய்வாளனின் ஆர்வத்தோடு யோசிக்கிறான். பிறகு இயங்கும் அந்த ஒற்றைக் கையை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத குப்பி ஒன்றை விரல்களுக்கிடையே பிடித்து நசுக்குவதுபோல் மூடுகிறான். பழிவாங்கலோ நாட்டுப்பற்றோ அந்த விரல்களில் இல்லை. நாற்காலியும் முகமூடியும் இல்லாமல் படித்தாலும் நடுங்கவைக்கும் காட்சி.

ஒரு மேதையின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு சமூகத்தை விடுவித்துவிட்டார்கள் என்று இக்கதைமேல் குறை சொல்லலாம். ஆறாம் பகுதி அதற்கு விடை வைத்திருக்கிறது. டாலெக்குகளுக்கு மனசாட்சி வேண்டும் என்று கோரும் சக விஞ்ஞானிகளை டாவ்ரோஸ் வாக்களிக்க அழைக்கிறான்: என் பக்கமா, எதிர்ப்பக்கமா, நின்று காட்டுங்கள். டாலெக்குகள் திரும்பி வரும்வரை நேரம் கடத்தும் தந்திரம் அது. எதிர்த்தவர்கள் சுடப்படுகிறார்கள். ஆதரித்தவர்களும் பிறகு சுடப்படுகிறார்கள். அவர்களுக்காக டாவ்ரோஸ் இரக்கம் கேட்கிறான். இரக்கம் என்றால் என்னவென்று தன் படைப்புக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் உணர்கிறான். அந்த அறையில் கைகட்டி நின்ற ஒவ்வொருவருக்கும் பங்கிருக்கிறது என்பதைக் கதை மழுப்பவில்லை. டாக்டரும் தப்பவில்லை. இரண்டு கம்பிகளைத் தொடவைத்தால் டாலெக் இனம் கருவிலேயே அழியும் என்ற நிலையில், ஓர் இனத்தையே அழிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று அவர் தயங்கி நிற்கிறார்.

இதன் பிறகு டாலெக் கதைகள் பலவற்றை டாவ்ரோஸ் நிழல்போல் தொடர்ந்தான். அது டாலெக்குகளைச் சிறுமைப்படுத்திவிட்டது என்பது என் கருத்து. தாமாகச் சிந்தித்துச் சதிசெய்த உயிர்கள், படைத்தவனுடன் பூசலிடும் வேலையாட்களாகிப் போயின. தோற்றக் கதையைப் பொறுத்தவரை மேலும் இரண்டு நிகழ்வுகள்தான் முக்கியம். 2015 செப்டம்பரில் ஸ்டீவன் மொஃபட் எழுதிய கதையில், மண்ணிலிருந்து கைகள் முளைத்து இழுக்கும் கண்ணிவெடி நிலத்தில் ஒரு சிறுவன் சிக்கி நிற்கிறான். காப்பாற்ற வந்த டாக்டர் பெயரைக் கேட்கிறார். டாவ்ரோஸ் என்றதும் விட்டுவிட்டுப் போகிறார். பிறகு திரும்பி வந்து காப்பாற்றுகிறார். மீண்டும் குண்டுக்கடியில் தனித்து நிற்கும் சிறுவனிடமே கதை வந்துவிட்டது. காரணம் காயமாகிறது, பழியில் டாக்டருக்கும் பங்கு வருகிறது. மனம் இளகவைக்கும் கதைதான். ஆனால் 1975 கண்டடைந்த கடுமையை இது தளர்த்துகிறது. அதே போர்க்களத்தில் வளர்ந்த ரான்சன் வேறு முடிவெடுத்தவர் அல்லவா?

2023 நவம்பர் 17 அன்று தொண்டு நிகழ்ச்சிக்காக ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதிய குறுநாடகத்தில் டாவ்ரோஸுக்கு நாற்காலி இல்லை, தழும்பு இல்லை. சக்கர நாற்காலியையும் சிதைந்த முகத்தையும் தீமையின் அடையாளமாகக் காட்டும் நீண்ட வழக்கத்தைத் தொடர விரும்பவில்லை என்று டேவிஸ் விளக்கினார். சில ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அது சரியான திருத்தம். காயத்தை நீக்கியபின் அங்கே எஞ்சுவது, நலமான உடலோடு, புதிய ஆயுதத்தின் மாதிரியை உதவியாளரிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வுக்கூடத் தலைவன்.