சின்னதாய்ப் போன சட்டைகள்



சென்ற பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியை ஒழிக்க உட்கார்ந்தேன். இரண்டு மணி நேர வேலை என்று எண்ணித் தொடங்கியது நான்கு நாள் இழுத்துவிட்டது. மகள் இப்போது உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அவள் தொடக்கநிலை ஒன்றில் அணிந்த சீருடை, பாலர் பள்ளிப் பொங்கல் விழாவுக்கு உடுத்திய பட்டுப் பாவாடை, ஊரிலிருந்து யாரோ வாங்கி வந்து ஒரே ஒரு முறை போட்ட கவுன் என மூன்று பெரிய பைகள் நிறைந்தன. "அதான் கீழே தொட்டி வச்சிருக்காங்களே அம்மா, போட்டுட்டு வாங்க" என்றாள் மகள், கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மின்தூக்கி வரை பைகளைச் சுமந்து சென்றவள் திரும்பி வந்துவிட்டேன். காரணம் அந்தப் பட்டுப் பாவாடைதான். அதைத் தைக்கக் கொடுத்தபோது, "வளர்ற பிள்ளை, வளர்த்திக்கு விட்டுத் தைக்கிறேன்" என்று சொல்லித் தேக்கா தையல்காரர் அடியில் நான்கு மடிப்புகள் பிடித்திருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டோம். பிரித்த இடமெல்லாம் வெயில் படாத நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். என் மகள் ஆண்டுதோறும் எவ்வளவு வளர்ந்தாள் என்பதற்கு என்னிடம் உள்ள நம்பகமான ஆவணம் அதுதான். (சுவரில் பென்சிலால் போட்ட கோடுகளை வண்ணம் பூசியவர்கள் மறைத்துவிட்டார்கள்.)

இந்தப் பகுதியில் குழந்தைகளின் பழைய சட்டைகள் முன்பெல்லாம் எங்கே போயின என்று அன்று யோசிக்கத் தொடங்கினேன். வரலாற்று நூல்களில் துறைமுகம் வரும், வேலைநிறுத்தம் வரும், தேர்தல் வரும். குழந்தைச் சட்டை வருவதில்லை. கிடைத்ததைக் கொண்டு எழுதுகிறேன்.

தஞ்சோங் என்றால் மலாய் மொழியில் கடல்முனை. பகார் என்றால் வேலி. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தோன்றிய பிறகே இவ்விடம் பெரிய துறைமுகமாயிற்று. 1905இல் அரசு அதைக் கையகப்படுத்தியது. 1913இல் அது சிங்கப்பூர்த் துறைமுக வாரியமாயிற்று. இங்கு மூட்டை சுமந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்த ஆடவர்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இலேயே மாரியம்மன் கோவில் எழும்பிவிட்டது. கும்பிட அம்மன் இருந்தாள், கையில் பிடித்து அழைத்துச் செல்லப் பிள்ளைகள் குறைவு. குழந்தைச் சட்டை என்ற பேச்சே அதிகம் எழாத ஊர் அது.

இதற்கு விதிவிலக்காக வந்தவர்கள் கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள். கடையநல்லூர் நெசவாளர்களின் ஊர். கைத்தறி நலிந்து வயிறு காய்ந்தபோது கப்பல் ஏறினார்கள். மற்றவர்களைப்போல் ஆண்கள் மட்டும் வந்து போய்க்கொண்டிராமல், மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்திலும் சிறு கடைகளிலும் உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1960இல் அது மேக்ஸ்வெல் சாலையில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. இன்று பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழாசிரியையான எனக்கு இந்த வரலாறு மனப்பாடம். ஆனால் அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் என்ன உடுத்திக்கொண்டு போனார்கள் என்பதை எங்கள் புளோக்கில் வசித்த ஒரு பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவரும் கடையநல்லூர்க் குடும்பம். காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தெரு முழுவதும் உறவுக்காரர்களாக இருந்தபடியால், ஒரு சட்டை எந்த வீட்டில் பிறந்தது என்று யாருக்கும் நினைவிராதாம். அண்ணனுக்குச் சிறுத்தது தம்பிக்கு; தம்பிக்குச் சிறுத்தது சித்தி மகனுக்கு; அங்கிருந்து எதிர்வீட்டுக்கு. கடைசியில் கிழிந்தால் கைப்பிடித் துணி, அதற்கும் பின்னால் விளக்குத் துடைக்கும் துணி. நெய்தவர் வீட்டுப் பெண்கள் ஆகையால், இழை ஓடிய இடம் பார்த்து ஒட்டுப் போடுவதில் கெட்டிக்காரிகள் என்று பெருமையாகச் சொல்வார்.

பழந்துணியை இழிவாகக் கருதும் வழக்கம் நம்மிடம் முன்பு இல்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் உடுத்துவது புதுத்துணி அன்று. நீண்ட நாள் வாழ்ந்த தாத்தா பாட்டியின் துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டியையோ சேலையையோ கிழித்துத்தான் சுற்றுவோம். ஏணை கட்டுவதும் பழஞ்சேலையில்தான். புதுத்துணி உறுத்தும் என்பது ஒரு காரணம். வாழ்ந்தவர் ஆயுள் குழந்தைக்கும் வரட்டும் என்பது இன்னொரு காரணம். பக்கத்து வீட்டுச் சீனர்களிடமும் இதே எண்ணம் உண்டு. பல வீடுகளில் துண்டுத் துணி கேட்டு வாங்கி ஒட்டித் தைத்த 'நூறு வீட்டுச் சட்டை'யைக் குழந்தைக்கு அணிவிப்பது அவர்களின் பழைய வழக்கம். நூறு வீட்டு வாழ்த்தும் அந்தப் பிள்ளையைக் காக்கும் என்பது நம்பிக்கை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அரிசிப் பஞ்சத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குத் துணிப் பஞ்சத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. கப்பல் வரத்து நின்றது. துணி வருவதும் நின்றது. மலாயாவெங்கும் ஏழைகள் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர்கள் சாக்குத் துணியே கோவணமாக மழையில் நின்றார்கள். குழந்தைகள் வளர்வது மட்டும் போருக்காக நிற்கவில்லை. பெரியம்மாவின் தாயார் திரைச்சீலையை வெட்டி இரண்டு பாவாடை தைத்தாராம். அவர் போட்ட பாவாடையைப் பின்னர் எத்தனை பேர் போட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணினார். ஐந்தாவது பெயரில் நின்றுவிட்டார், அந்தப் பெண் போருக்குப் பின் உயிரோடு இல்லை.

அதே காலத்தில் நம்மை ஆண்ட நாட்டிலும் துணி பங்கீட்டில்தான் கிடைத்தது. பிரிட்டனில் 1941 ஜூன் 1ஆம் நாள் தொடங்கிய துணிப் பங்கீடு 1949 வரை நீடித்தது. முதல் ஆண்டில் பெரியவருக்கு 66 கூப்பன்கள். வளரும் பிள்ளைக்கு எந்தக் கூப்பன் போதும்? 1938இல் தொடங்கப்பட்ட மகளிர் தொண்டுப் படையினர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். தாய்மார் பிள்ளைக்குச் சிறுத்த துணியைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதன் தரத்துக்கேற்பப் புள்ளிகள் தரப்படும். அந்தப் புள்ளிகளுக்கு ஈடாக அடுத்த அளவு துணியை எடுத்துச் செல்லலாம். காசும் இல்லை, கூப்பனும் இல்லை. எனக்கு இதில் பிடித்தது புள்ளி முறைதான். அங்கே வந்த தாய் யாரும் பிச்சை கேட்டு வரவில்லை. கையில் ஒன்றைக் கொண்டுவந்தாள், ஒன்றைக் கொண்டுபோனாள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடக்கப்பள்ளியில் பணியாற்றினேன். தொடக்கநிலை மூன்றில் ஒரு பையன். சீருடைச் சட்டை அக்குளில் பிடித்துக்கொண்டு, பொத்தானுக்கிடையே வயிறு தெரிய வருவான். என் அக்காள் மகனின் சட்டைகள் இரண்டு நல்ல நிலையில் இருந்தன. பாடம் முடிந்ததும் அவனை அருகே அழைத்து, "உனக்குத்தான், போட்டுக்கொள்" என்று கொடுத்தேன். வகுப்பில் எல்லாரும் இருந்தார்கள். அன்போடுதான் கொடுத்தேன். மறுநாள் அவன் அதே பழைய சட்டையில் வந்தான். அதற்கு அடுத்த நாள் அவன் தாயார் பள்ளிக்கு வந்து, இரண்டு சட்டைகளையும் துவைத்துப் பெட்டி போட்டு மடித்து என் மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. மேலே இருந்த சட்டையின் மார்பில் என் அக்காள் மகனின் பெயர்ப்பட்டை அப்படியே இருந்தது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பெரியம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாலு பேரு பாக்கக் குடுக்கக் கூடாது டீச்சர். பொழுது சாஞ்ச பொறவு வீட்டுக்குப் போயி, அம்மாக்காரி கையில குடுக்கணும். அவ கையால ஒரு வாய் டீ வாங்கிக் குடிச்சிட்டு வரணும்" என்றார். டீ எதற்கு என்று அப்போது கேட்கவில்லை. பிரிட்டிஷ் தாய்மாரின் புள்ளிக் கணக்கைப் பின்னர் படித்தபோதுதான் அந்த டீ எனக்குப் புரிந்தது.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் பகுதிக்கு அருகிலேயே உள்ள புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பற்றியது. நால்வர் இறந்தனர், சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். பள்ளிகள் தங்குமிடங்களாயின. உடுத்திய துணியோடு ஓடிவந்தவர்களுக்கு நாடெங்கிலுமிருந்து உணவும் உடையும் பணமும் குவிந்தன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமைக்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எரிந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளை எழுப்பத் தொடங்கியது. கம்பத்து வாசலில் கைமாறிய சட்டை, வீவக வீட்டின் மூடிய கதவுகளுக்கு இடம்பெயர்ந்தது.

ஆயினும் சட்டையின் பயணத்தை நிறுத்தியது கதவு மட்டும் அன்று. 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.66 குழந்தைகள். 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. 1972இல் 'இரண்டே போதும்' இயக்கம் வந்தது. 1975இல் பிறப்பு விகிதம் ஈடுகட்டும் அளவான 2.1க்கும் கீழே இறங்கிவிட்டது. 1987இல் அரசே கொள்கையை மாற்றிக்கொண்டு, வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்று கேட்டது. பயனில்லை. 2023இல் அவ்விகிதம் 0.97. இந்த எண்களைப் பொருளியலாளர்கள் ஓய்வூதியத்தோடும் தேசிய சேவையோடும் சேர்த்துப் பார்ப்பார்கள். நான் சட்டையோடு பார்க்கிறேன். தம்பி இல்லாத வீட்டில் அண்ணன் சட்டைக்குப் போக்கிடம் ஏது? அண்ணனே இல்லாத வீடுகளும் பல. என் மகளுக்கு உடன்பிறந்தார் இல்லை.

ஆகவே தொட்டிகள் வந்தன. இரட்சண்ய சேனை 1935 முதலே இங்கு பணியாற்றுகிறது. பழந்துணி வாங்கி விற்று அறப்பணி செய்வது அதன் நெடுநாள் வழக்கம். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்படும்வரை தரையில் விரித்த துணிக்கும் ஆள் வந்தது. ஆனால் இன்று நாம் கழிக்கும் துணியின் அளவுக்கு இவையெல்லாம் எம்மூலைக்கு? 2023இல் சிங்கப்பூரில் இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட துணி, தோல் கழிவு சேர்ந்தது. மறுசுழற்சிக்குப் போனது 2 விழுக்காடு மட்டுமே. தொட்டிகளில் விழுவதில் பெரும்பகுதி பொதிகளாகக் கட்டப்பட்டு, ஒரு காலத்தில் நம்மவர் மூட்டை சுமந்த அதே வணிக வழியில் கப்பலேறி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. உள்ளூர்த் தையல் தொழில் படுத்துவிடும் என்று இந்தோனேசியா 2015இல் பழந்துணி இறக்குமதியைத் தடை செய்தது. 2022இல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள், விளையாட்டுத் திடலுக்காக அரைக்கப்படும் என்று இங்கே பெறப்பட்ட பழைய காலணிகளுக்குள் தடமறியும் கருவிகளை ஒளித்து அனுப்பினார்கள். பதினொரு சோடிகளில் பத்து வெளிநாட்டுக்குப் போயிருந்தன. யாரோ ஒருவர் காலில் கிடந்து உழைத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். எனக்கும் அப்படித் தோன்றுகிறது. ஆனால் போட்டவரிடம் சொன்னது வேறு.

கடையநல்லூர் அப்போது சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தில், 2017இல் ஆட்சியர் சந்தீப் நந்தூரி 'அன்புச் சுவர்' ஒன்றை அமைத்தார். வேண்டாதவர் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. 2015இன் இறுதியில் ஈரானின் மஷ்ஹத் நகரில் தோன்றிய எண்ணம் அது. எல்லா ஊரிலும் அப்படி ஒரு சுவர் நெடுநாள் துப்புரவாக நிற்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. கிழிந்ததையும் அழுக்கையும் கொண்டுவந்து கொட்டுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

என் மூன்று பைகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பை நைந்தது. வெட்டித் துடைக்கும் துணியாக்கிவிட்டேன். ஒரு பையை அறநிறுவனக் கடைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவதில் நல்லதாக எட்டுச் சட்டைகளும் அந்தப் பாவாடையும் இருந்தன. நான்காம் மாடிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேரும் பெண் குழந்தை இருக்கிறது. பெயர்ப்பட்டைகளை முந்தின இரவே பிரித்துவிட்டேன். மாலை ஏழரை மணிக்குமேல் போனேன். அந்தப் பெண் தயங்கினார், "எதுக்கு அக்கா உங்களுக்குச் சிரமம்" என்றார், பிறகு உள்ளே அழைத்தார். டீ சற்று இனிப்பு அதிகம். முழுவதையும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, பாவாடையில் ஒரு மடிப்பு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. தீபாவளிக்குள் சொல்ல வேண்டும்.